சத்தம் போடும் பழைய சைக்கிளை விற்கும் முன்

கிருஷ்ணகிரி அணைப் பக்கம் தினமும் மிதிக்கும் என் பழைய சைக்கிள் 'கடக் கடக்' என்றதும், வீட்டில் புதுசு வாங்கச் சொன்னார்கள். அவசரப்படாதீர்கள். பெடல் மாட்டியிருக்கும் கையான கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கிராங்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னோ, உள்ளே இருக்கும் பால்ஸ் என்ற சின்ன இரும்புக் குண்டுகளோ தேய்ந்திருக்கும். சின்னச் செலவுதான், எனக்கும் அதுதான் ஆனது.

அப்புறம் செயின் மேல் ஸ்கேல் வையுங்கள். கண்ணிகளைச் சேர்க்கும் ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 1/8 அங்குலம் கூடிவிட்டதா? செயினோடு, பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரமான ப்ரீவீலையும் மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயின் நழுவும்.

பிரேம் குழாய்கள் சேரும் இடத்தில், முக்கியமாக ஹேண்டிலுக்குக் கீழே, பெயின்ட் வெடித்துத் துருக்கோடு ஓடினால் மட்டும் தயவுசெய்து வெல்டு வைத்து ஓட்டாதீர்கள். நம்மூர் இறக்கங்களில் அது உயிருக்கே ஆபத்து. அந்தச் சைக்கிளை மாற்றிவிடுங்கள்.