கிரில்லில் திருகாணி இல்லை: வேலையாட்கள் வந்துபோன வீட்டில் திருட்டு நடந்தால் என்ன செய்வது

வேலை முடிந்து 11 நாட்கள்தாம் ஆகியிருந்தன. சமையலறையையும் குளியலறையையும் புதுப்பிப்பதற்காக ஓர் ஒப்பந்தக்காரரிடம் 3 வாரம் வீட்டை ஒப்படைத்திருந்தோம். ஒரு சனிக்கிழமை இரவு அக்கா வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை திரும்பினோம். முன்கதவு பூட்டியபடியே இருந்தது. திறந்தால், பீரோவில் இருந்த துணியெல்லாம் கூடத்தில் கிடந்தது.

நான் கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவள். எதையும் தேதி போட்டு எழுதிவைப்பது பழக்கம். அந்தப் பழக்கம்தான் பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது. ஆனால் அந்த முதல் அரை மணி நேரத்தில் அது எங்கே போனது என்று தெரியவில்லை. செய்யக்கூடாதவை பலவற்றைச் செய்தேன். உங்களுக்கு அப்படி நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்குள் திருட்டு நடந்திருக்கிறது என்று தெரிந்த உடனே வெளியே வந்துவிடுங்கள். உள்ளே இன்னும் ஆள் இருக்கக்கூடும். குழந்தைகளையும் பெரியவர்களையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். நான் நேரே படுக்கையறைக்கு ஓடி, தரையில் கிடந்த நகைப் பெட்டியைக் கையில் எடுத்து, திறந்து கிடந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாக மூடினேன். அலங்கோலமாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கைரேகை நிபுணர் வந்து அந்தப் பெட்டியில் பொடி தூவியபோது தெரிந்தவை முழுக்க என் விரல்கள்.

கைரேகை என்பது விரலின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் விட்டுப்போகும் தடம். கண்ணாடியிலும் உலோகத்திலும் பாலிஷ் போட்ட மரத்திலும் தெளிவாகப் பதியும், ஒரு துடைப்பில் போயும்விடும். நம்மைப் போல வேலையாட்கள் வந்துபோன வீடுகளுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அவர்கள் 3 வாரம் நம் அனுமதியோடு வீட்டுக்குள் நடமாடியவர்கள். சமையலறைக் கதவில் அவர்கள் ரேகை இருப்பது எதையும் நிரூபிக்காது. அவர்கள் கை படவே காரணம் இல்லாத இடங்களில் கிடைக்கும் ரேகைதான் பேசும்: பீரோவின் உட்புறம், பணப்பெட்டி, மெத்தைக்கு அடியில் வைத்த கோப்பு. ஆகவே அந்த இடங்களை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தெந்த அறையில் வேலை நடந்தது, எந்த அறைக்கு அவர்கள் வரவே வேண்டியதில்லை என்பதைக் காவலர்களிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

திருடர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்பது எங்களுக்கு முதலில் புரியவே இல்லை. பூட்டு உடையவில்லை, கண்ணாடி நொறுங்கவில்லை. குளியலறைக்குள் போன காவலர்தான் என்னைக் கூப்பிட்டார். வென்டிலேட்டரின் இரும்பு கிரில் வெளிச்சுவரில் ஒரு கீறலும் இல்லாமல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஜன்னல் சட்டத்தில் திருகாணி இருந்திருக்க வேண்டிய 4 துளைகளும் காலி. விளிம்பில் வெள்ளை வெள்ளையாக 3 வில்லைகள் உதிர்ந்து கிடந்தன. நான்காவது இன்னும் கிரில்லின் ஓட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டி! பெயின்ட் அடிக்கும் முன் ஓட்டைகளை அடைக்கப் பூசும் வெள்ளைப் பசை. திருகாணிகளைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பட்டியை உருட்டி வைத்து, ஆணி முனையால் கூட்டல் குறிபோலக் கீறி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கீழே நின்று பார்த்தால் திருகாணித் தலை என்றே தோன்றும். 11 நாள் அதன் கீழே நின்றுதான் குளித்திருக்கிறோம். ஒரு வில்லையில் கட்டைவிரலை அழுத்திய பதிவு காய்ந்து அப்படியே நின்றது.

ஆகவே, வேலை நடந்த ஒவ்வோர் இடத்தையும் நன்றாகப் பாருங்கள். புதிதாகப் பூசிய இடம், மாற்றிய தாழ்ப்பாள், கழற்றி மாட்டிய ஜன்னல், குழாய் போட உடைத்த சுவர் என எதையும் விடாதீர்கள். கையால் தொடாமல், முதலில் தூரத்திலிருந்து ஒரு படம், பிறகு கிட்டத்தில் ஒரு படம், பிறகு பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து ஒரு படம் எடுங்கள். உதிர்ந்து கிடப்பதைப் பெருக்கிவிடாதீர்கள். அந்த 4 வில்லைகளையும் காவலர்கள் உறையில் போட்டு எடுத்துச்சென்றார்கள்.

இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இது முக்கியம். பல பாலிசிகளில், வலுவந்தமாக உள்ளே நுழைந்ததற்கான அடையாளம் இருந்தால்தான் இழப்பீடு என்று ஒரு நிபந்தனை இருக்கும். மாற்றுச் சாவி போட்டுத் திறந்து வந்திருந்தால் அந்த அடையாளமே இருக்காது. பாலிசியை எடுத்து அந்த வரியை முதல் நாளே படியுங்கள். தகவல் சொல்லவேண்டிய கெடுவும் அதிலேயே இருக்கும். படம் எடுத்து அவர்கள் ஆள் வந்து பார்க்கும்வரை எதையும் நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டாம். இரவுக்குப் பாதுகாப்பாகத் தற்காலிகமாகப் பலகை அடிக்கலாம். அதற்கான ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது புகார். விசாரிக்க வந்த அதிகாரி, “யார் மேல் சந்தேகம்?” என்று கேட்டதும் நான் ஒப்பந்தக்காரரின் பெயரைச் சொல்லிக் கோபத்தில் ஏதேதோ பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அம்மா, சந்தேகத்தைப் பிறகு பார்க்கலாம். எந்தத் தேதியில் யார் வந்தார்கள் என்று எழுதித் தாருங்கள்” என்றார். நான் பெற்ற அறிவுரைகளிலேயே சிறந்தது அதுதான்.

அன்று மாலை உட்கார்ந்து 21 நாட்களுக்கும் ஒரு பட்டியல் போட்டேன். நாள், வந்தவர்கள், செய்த வேலை, எந்த நேரத்தில் வீட்டில் நாங்கள் யாரும் இல்லை, சாவி யாரிடம் இருந்தது. நினைவில் இல்லாததைப் போன் அழைப்புப் பதிவிலிருந்தும், செய்திகளிலிருந்தும், பொருள் வாங்கிய ரசீதுகளிலிருந்தும் எடுத்தேன். ஓடு சரியாக ஒட்டவில்லை என்று காட்ட நான் எடுத்து அனுப்பிய படங்களில் பின்னால் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கிரில்லைப் பெயின்ட் அடிக்கக் கழற்றியது 19-ஆம் நாள் என்பதும் ஒரு படத்தில் தெரிந்தது. அதே நாளில்தான் நான் சமையலறையில் நின்று அக்காவிடம் போனில், எந்தச் சனிக்கிழமை வருகிறோம், இரவு தங்குவோமா என்பதையெல்லாம் சொன்னேன். குளியலறைக் கதவு திறந்திருந்தது. அதையும் பட்டியலில் எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது.

பட்டியல் போட்டபோதுதான் தெரிந்தது: வந்த 6 பேரில் 2 பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் கடைசி மூன்று நாட்களுக்கு மட்டும் வந்தவர்கள். ஒப்பந்தக்காரர் காவலர்களுக்குக் கொடுத்த அவர்களுடைய போன் எண்கள் இரண்டும் தவறானவை. உண்மையான விவரத்தைச் சொன்னவர் ஓடு ஒட்டிய பெரியவர். விசாரணைக்குக் கூப்பிடும் முன்பே அவராக நிலையத்துக்குப் போய், அவர்களை எங்கிருந்து அழைத்துவந்தார்கள் என்று சொல்லியிருக்கிறார். ஆறு பேரையும் திருடர்கள் என்று நான் கத்தியிருந்தேன். பின்னர் அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். வேலையாட்கள் எல்லாரையும் ஒரே கண்ணால் பார்த்தால் உண்மை சொல்லக்கூடிய ஒரே ஆளையும் இழந்துவிடுவோம்.

ஒப்பந்தக்காரருக்கு நீங்களாகப் போன் செய்து சண்டை போடாதீர்கள். அது அவருக்கு முன்னெச்சரிக்கை ஆகிவிடும். நிரூபணம் இல்லாமல் அவர் பெயரைப் பொதுவில் எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். ஒப்பந்தத் தாள், கொடுத்த பணத்துக்கான வங்கிப் பதிவு, செய்திகள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். அவருக்குப் பாக்கித் தொகை தரவேண்டியிருந்தால், திருட்டைக் காரணம் காட்டி நிறுத்துவதற்கு முன்பு ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அரைகுறையாகச் செய்த வேலை வேறு வழக்கு, திருட்டு வேறு வழக்கு.

கேமராப் பதிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கண்காணிப்புக் கேமராவின் பதிவுக் கருவி, இடம் நிரம்பியதும் பழையதை அழித்து அதன் மேலேயே பதியும். சிலவற்றில் சில நாட்கள்தாம் தாங்கும். அக்கம்பக்கத்து வீடுகளிலும் கடைகளிலும் அன்றே போய்ப் பணிவாகக் கேளுங்கள். திருட்டு நடந்த இரவுக்கு மட்டும் கேட்காமல், வேலை நடந்த கடைசி நாட்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். எங்கள் எதிர்வீட்டார் கொடுத்ததில் இரவு ஒன்றும் தெரியவில்லை. பகலில் அந்த இரண்டு பேரின் முகம் தெரிந்தது.

இனி, தொலைந்தவற்றின் பட்டியல். “நகை, கேமரா, போன்” என்று எழுதிக்கொடுத்தால் யாராலும் எதையும் தேட முடியாது. நகைக்கு எடை, வடிவம், கல், பழுதுபார்த்த தழும்பு எழுதுங்கள். அதை அணிந்திருக்கும் படம் ஒன்று சேர்த்துக்கொடுங்கள். தங்கத்தை உருக்கிவிட்டால் அடையாளமே இல்லை, எனவே நகை விவரம்தான் முதலில் போக வேண்டும். மின்சாதனங்களுக்கு வரிசை எண் வேண்டும். அது வாங்கிய ரசீதிலும் அட்டைப்பெட்டியிலும் இருக்கும். கைப்பேசிக்கு, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ எண். அதைக் கையில் இருக்கும் போனில் *#06# அழுத்திப் பார்க்கலாம். இதைப் படிக்கும் இந்த நிமிடமே உங்கள் வீட்டுப் போன்களில் பார்த்து ஒரு தாளில் எழுதிவைத்துவிடுங்கள்.

திருடுபோன போனோ மடிக்கணினியோ எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தெரிந்தால் நீங்களே கிளம்பிப் போகாதீர்கள். தொலைவிலிருந்து பூட்டிவிட்டு, இடத்தைக் காவலர்களிடம் சொல்லுங்கள். சிம்மை முடக்குங்கள். ஈமெயில் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். வங்கி அட்டையும் காசோலைப் புத்தகமும் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லுங்கள். அடையாள ஆவணம் போயிருந்தால் அதையும் புகாரில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் பெயரில் வேறு யாரோ கடன் வாங்கலாம்.

பலரும் பூட்டு விஷயத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுகிறார்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஒரு முறை திருடுபோன வீடு அடுத்த சில வாரங்களுக்குள் மீண்டும் திருடப்படும் வாய்ப்பு கூடுதல் என்பதைக் குற்றவியல் ஆய்வாளர்கள் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். வந்தவனுக்கு வழி தெரியும், எடுக்காமல் விட்டுப்போனது எது என்றும் தெரியும். நம் விஷயத்தில் அவனுக்கு 3 வாரப் பழக்கம் வேறு.

சாவியை நீங்கள் திரும்ப வாங்கிவிட்டதால் கவலை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். எங்கள் உதிரிச் சாவி சமையலறை ஆணியில் தொங்கியது. சாவியைப் படம் எடுத்தாலே அதன் வெட்டுகளின் ஆழத்தைக் கணக்கிட்டு இன்னொன்று செய்ய முடியும். 2008-இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏறத்தாழ 60 மீட்டர் தொலைவில் மேசை மேல் கிடந்த சாவியைக் கூரையிலிருந்து படம் எடுத்தே அதைச் செய்துகாட்டினார்கள். ஆணியில் தொங்கும் சாவிக்கு அவ்வளவு பெரிய லென்ஸ் தேவையில்லை.

கதவையோ முழுப் பூட்டையோ மாற்ற வேண்டியதில்லை. பல கதவுப் பூட்டுகளில் சாவி நுழையும் உருளையான சிலிண்டரை மட்டும் கழற்றி மாற்றலாம். பூட்டு வேலை தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. பின்கதவு, மாடிக்கதவு, கேட் ஆகியவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல்லை வேலையாட்களுக்குக் கொடுத்திருந்தால் மாற்றுங்கள். கேமரா, தானியங்கிக் கதவு, எச்சரிக்கை மணி ஆகியவற்றின் எண்களையும் மாற்றுங்கள். பிறகு ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலுக்கும் போய், ஒவ்வொரு திருகாணியிலும் அதை வைத்துத் திருகிப் பாருங்கள். இரும்பு முனை இரும்பில் பற்றிக்கொள்ளும், பட்டியாக இருந்தால் மாவாக உதிரும். எங்கள் சமையலறை ஜன்னலில் மேலும் இரண்டு உதிர்ந்தன. காவலர்கள் பார்த்துப் படம் எடுத்த பிறகு அவற்றில் நீளமான திருகாணிகளைப் போட்டோம்.

வீட்டில் இருப்பவர்களின் பயத்தைச் சின்னதாக எண்ணாதீர்கள். என் அத்தைக்கு வயது 78. அந்தக் குளியலறை விளக்கை அணைக்கவே விடமாட்டார். இரண்டு மாதம் அது எரிந்தது. நாங்கள் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. புதிய கிரில் மாட்டிய அன்று அவரை அழைத்துப்போய், அவர் கையாலேயே இழுத்துப் பார்க்கச் சொன்னோம். அன்றிரவு விளக்கை அவரே அணைத்தார்.

புகார் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை விசாரித்தேன். புதிதாக ஏதாவது நினைவுக்கு வந்தால் தேதி போட்டு எழுதிக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போய் “என்ன ஆயிற்று?” என்று கேட்பதற்கும் ஒரு தாளோடு போவதற்கும் கிடைக்கும் கவனத்தில் வேறுபாடு இருக்கிறது. நான்காவது மாதம் ஒரு பழைய பொருள் கடையில் வரிசை எண்ணை வைத்து, திருடுபோன எங்கள் கேமராவைக் கண்டுபிடித்தார்கள். அதைக் கொண்டுபோய் விற்றவன் அந்த இரண்டு பேரில் ஒருவன். பட்டி வில்லையில் இருந்த கட்டைவிரலும் அவனுடையதுதான். வழக்கு நடக்கிறது.

என் அம்மாவின் சங்கிலி இன்னும் கிடைக்கவில்லை. கேமரா திரும்பி வந்தபோது மெமரி கார்டு அதிலேயே இருந்தது. அதில் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று. கழுத்தில் சங்கிலி, கொக்கிக்குப் பக்கத்தில் பற்றவைத்த தழும்புகூடத் தெரிகிறது. அதைப் பெரிதாக்கி அச்சிட்டு, எடையையும் நீளத்தையும் கீழே எழுதி, சென்ற திங்கட்கிழமை நிலையத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வந்தேன்.