‘ஃபைண்டிங் நீமோ’ பார்த்தாச்சு, இனி என்ன பேசலாம்? கிறிஸ்தவப் பெற்றோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

பிள்ளைகள் பார்க்கும் அனிமேஷன் படங்களைப் பற்றிக் கேட்டால், நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. “இதெல்லாம் உலகக் காரியம்” என்று டிவியை அணைத்துவிடுகிறோம். அல்லது பிள்ளைகளை டிவி முன்னால் விட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். கூடவே உட்கார்ந்து பார்த்து, பிறகு பேசுவதும் ஒரு வழிதான். அத்தேனே பட்டணத்தில் பவுல் அப்படித்தான் பேசத் தொடங்கினார் (அப்போஸ்தலர் 17). ஊரைச் சுற்றிப் பார்த்து, ஒரு பலிபீடத்தில் எழுதியிருந்ததை வாசித்து, அவர்களுடைய புலவர்களின் வார்த்தையையே எடுத்துக்காட்டிச் சுவிசேஷத்துக்கு வந்தார். முதலில் கவனித்தார், அப்புறம் பேசினார். கீழே உள்ள படிகளுக்கும் அந்த வரிசைதான்.

பிக்ஸார் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட ‘ஃபைண்டிங் நீமோ’வை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். காணாமல்போன மகன் நீமோவைத் தேடிக் கடலில் புறப்படும் மார்லின் என்ற அப்பா மீனின் கதை அது. முதல்முறை முயற்சி செய்பவர்களுக்கு இது நல்ல படம்.

படி 1: நீங்கள் முதலில் பாருங்கள்

ஓடிடி தளங்களில் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+ என்று வயதுக் குறியீடு இருக்கும். அதைப் பாருங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு படம் எதை நம்பச் சொல்கிறது என்று எந்தக் குறியீடும் சொல்லாது. உங்கள் பிள்ளையின் மனதும் அதற்குத் தெரியாது. நீமோ படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே தாய் மீனும் ஒன்றைத் தவிர மற்ற எல்லா முட்டைகளும் போய்விடுகின்றன. சமீபத்தில் வீட்டில் ஒரு மரணம் நடந்திருந்தால், அந்தக் காட்சியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இந்தப் படத்தைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள்.

படி 2: படம் ஓடும்போது போதிக்காதீர்கள்

நடுவில் நிறுத்தி, “பாத்தியா, அப்பா பேச்சைக் கேக்கலேன்னா இப்படித்தான் ஆகும்” என்று சொன்னால் பேச்சு அங்கேயே செத்துவிடும். சேர்ந்து சிரியுங்கள். அது போதும்.

படி 3: பிள்ளை முதலில் பேசட்டும்

“இந்தப் படத்துல இருந்து என்ன கத்துக்கிட்ட?” என்று கேட்காதீர்கள். அது பரீட்சைக் கேள்வி. சண்டே கிளாஸுக்குப் போகும் பிள்ளை உடனே “கீழ்ப்படியணும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடும். “உனக்கு எந்த இடம் பிடிச்சுது? எங்க பயமா இருந்துச்சு?” என்று கேளுங்கள். கடல் ஆமைகள் வரும் இடம் என்று சொன்னால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே ஓர் ஆமைக்குட்டி நீரோட்டத்திலிருந்து வெளியே விழுந்துவிடும். மார்லின் பதறிப்போவான். குட்டியின் அப்பாவோ, அது தானாகத் திரும்பி வருகிறதா என்று பொறுத்துப் பார்க்கும். “இந்த ரெண்டு அப்பாவுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டால், ஆறு வயதுப் பிள்ளைக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

படி 4: கதையை முழுசாகப் புரிந்துகொள்ளுங்கள்

வசனத்துக்கு அவசரப்படாதீர்கள். நீமோ ஏன் கோபத்தோடு நீந்திப்போய் அந்தப் படகைத் தொட்டான்? மார்லின் ஏன் இவ்வளவு பயப்படுகிறான்? மகனுக்கு எதுவுமே நடக்க விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததாக மார்லின் சொல்வான். எதுவுமே நடக்கவில்லை என்றால் அவன் வாழ்க்கையில் ஒன்றுமே நடக்காதே என்பாள், தேடலில் கூட வரும் டோரி என்ற மீன். என்னைப் பொறுத்தவரை படத்தின் இதயம் அந்த இடம்தான். பெரிய பிள்ளைகளோடு அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

படி 5: இப்போது வேதாகமத்தைத் திறங்கள்

லூக்கா 15-ஐ முழுவதும் வாசியுங்கள். காணாமல்போன ஆடு, காணாமல்போன வெள்ளிக்காசு, கெட்ட குமாரன் என்று மூன்று கதைகள் அதில் உண்டு. “நீமோ கதை இதில் எதுக்குப் பக்கத்துல வரும்?” என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். தேடிப் போவதால் ஆடு என்று ஒருத்தர் சொல்வார். அப்பாவிடம் கடுமையாகப் பேசிவிட்டுப் போனதால் இளைய குமாரன் என்பார் இன்னொருத்தர். இரண்டுமே சரிதான், வாதாடட்டும்.

ஒரு எச்சரிக்கை: “மார்லின்தான் தேவன்” என்று கணக்கை முடித்துவிடாதீர்கள். உவமையில் வரும் தகப்பனிடம் குறை இல்லை. மார்லினோ தன் பயத்தினாலேயே மகனை மூச்சு முட்ட வைத்தவன், அவனும் மாற வேண்டியிருக்கிறது. அவன் நம்மைப் போன்ற பெற்றோர். “எனக்கும் உன்னை நினைச்சா இப்படிப் பயம் வரும்” என்று பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, மத்தேயு 6:25-34-ஐ வாசித்துப் பாருங்கள். அதுவரை விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகூட நிமிர்ந்து பார்க்கும்.

திமிங்கலத்தின் வாய்க்குள் மார்லினும் டோரியும் மாட்டிக்கொள்ளும் காட்சியைப் பார்த்ததுமே யாராவது “யோனா!” என்று கத்துவார்கள். நல்லது. யோனா தேவன் அனுப்பிய ஊருக்குப் போகாமல் ஓடிப்போனவன். மார்லின் மகனைத் தேடிப் போகிறவன். ஆனால் பிடித்துக்கொண்டிருப்பதை மார்லின் விட்டால்தான் வெளியே வர முடியும். யோனாவும் மீனின் வயிற்றில் தன்னால் ஆகாது என்று உணர்ந்துதான் ஜெபித்தான். “எதை விடறதுக்கு உனக்குக் கஷ்டமா இருக்கு?” என்ற கேள்வியை இங்கே கேட்கலாம். முதலில் நீங்கள் பதில் சொல்லுங்கள்.

படி 6: ஒத்துப்போகாத இடங்களையும் பேசுங்கள்

நீமோவில் இது அதிகம் வராது. 2017-இல் வந்த ‘கோகோ’வைப் பார்க்கும் அன்று தேவைப்படும். மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களை நினைவுகூரும் பண்டிகைதான் அந்தக் கதையின் களம். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் நவம்பர் 2-இல் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது அந்நியமாகத் தெரியாது. இறந்தவர்களுக்காக ஜெபிக்காத சபைகளைச் சேர்ந்த குடும்பங்கள், அந்த வித்தியாசத்தை மற்றவர்களை மட்டம் தட்டாமல் சொல்லிக்கொடுக்க இது நல்ல சந்தர்ப்பம்.

அந்தப் படத்தில், உயிரோடிருக்கிறவர்கள் எல்லாரும் மறந்துவிட்டால் இறந்தவர் அடியோடு மறைந்துபோவார். “நாம மறந்துட்டா தாத்தா இல்லாமப் போயிடுவாரா?” என்று பிள்ளை கேட்டால், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஏசாயா 49:15-ஐக் காட்டுங்கள். தாய் மறந்தாலும் “நான் உன்னை மறப்பதில்லை” என்கிறார் கர்த்தர். தாத்தா நம் ஞாபகத்தில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை, கர்த்தரின் கையில் இருக்கிறார் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதேநேரம், கொள்ளுப்பாட்டியின் நினைவை மீட்கக் கொள்ளுப்பேரன் பாடுவதில் இருக்கும் அன்பையும் பாராட்டுங்கள். உங்கள் வீட்டுப் பாட்டியிடம் அவருடைய அப்பாவைப் பற்றிக் கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.

படி 7: சீக்கிரம் முடியுங்கள்

சின்னப் பிள்ளைகளுக்குக் கால் மணி நேரமே அதிகம். பேச்சில் வந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்து, குடும்ப ஜெபத்தில் இரண்டு வரி ஜெபியுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளையையே போதகரிடம் கேட்கச் சொல்லுங்கள். வாயே திறக்காத பதின்வயதுப் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். டியூஷனுக்குப் பைக்கில் கூட்டிப்போகும்போது தானாகவே ஆரம்பிக்கலாம். அடுத்த படத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் மறுபடியும் படி 1-க்குப் போய், முந்தின நாள் இரவே அதைப் பார்த்து வையுங்கள்.