கேம் கதாபாத்திரச் சிலை வாங்குகிறீர்களா? தரம் பார்ப்பது இப்படித்தான்

பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது சிலையின் உயரத்தையும் கனத்தையும்தான். இரண்டுமே தரத்தைச் சொல்லாது. இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடம், இரண்டு பாகங்கள் சேரும் இடம், கால் பீடத்தைத் தொடும் இடம் ஆகிய ஓரங்களைப் பாருங்கள். வேலை நேர்த்தியா அவசரமா என்று அங்கே தெரிந்துவிடும். புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

படி 1: கையில் இருப்பது என்ன வகை?

பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த சிலை இலேசானது, மெல்லிய பாகங்கள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பாலிஸ்டோன் என்பது ரெசின் என்ற செயற்கைப் பிசினில் கல்தூள் கலந்து வார்ப்பது. கனமாக இருக்கும், வளையாது, விழுந்தால் உடையும். அளவையும் கவனியுங்கள். 180 செ.மீ. உயரக் கதாபாத்திரம் 1/4 அளவில் 45 செ.மீ., 1/7 அளவில் சுமார் 26 செ.மீ. இருக்க வேண்டும். ஜப்பானில் விளையாட்டு இயந்திரங்களில் பரிசாகக் கிடைக்கும் 'பிரைஸ் ஃபிகர்' என்று ஒரு வகை உண்டு. பான்பிரெஸ்டோ போன்ற பிராண்டுகளில் வருபவை அவை. விலை குறைவு என்பதால் போலி என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் பிரைம் 1 ஸ்டுடியோ செய்யும் பெரிய சிலையை அளக்கும் அதே கோலால் அதை அளப்பதும் நியாயமில்லை.

படி 2: கேமைத் திரும்பப் பாருங்கள்

விளம்பரப் படத்தோடு ஒப்பிடுவதற்கு முன், கேமில் அந்தக் கதாபாத்திரம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். செல்டா கேம் வரிசையின் நாயகன் லிங்க் பழைய கேம்கள் பலவற்றில் இடக்கைக்காரன். 2017இல் வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்'டில் வாளை வலக்கையில் பிடிப்பான். எந்த கேமின் லிங்க் என்று பெட்டியில் போட்டிருக்கிறதோ, அந்தக் கையில் வாள் இருக்க வேண்டும். இதில் சறுக்கிய சிலை மற்ற விஷயங்களிலும் சறுக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

படி 3: பக்கவாட்டு வெளிச்சத்தில் முகம்

டியூப் லைட்டுக்கு நேர் கீழே வைத்தால் குறைகள் தெரியாது. காலையில் ஜன்னலோரம் வையுங்கள், அல்லது மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேடு பள்ளங்கள் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும்.

முதலில் கண். மயிலாப்பூர் மாட வீதியில் கொலு பொம்மை வாங்குபவர்கள் கண் எழுதியதைப் பார்த்துத்தான் பொம்மையைக் கையில் எடுப்பார்கள். இங்கேயும் அதே கணக்குதான். இரண்டு கண்மணிகளும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா? வெள்ளை விழியின் நிறம் இமையைத் தாண்டி வழிந்திருக்கிறதா? பார்வை கோணலாக இருந்தால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த முகம் உயிர் பெறாது. என்னைக் கேட்டால், கண் சரியில்லாத சிலையை எந்தத் தள்ளுபடிக்கும் வாங்க வேண்டாம்.

படி 4: நிறங்களின் ஓரம்

நேரம் எடுத்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். 'காட் ஆஃப் வார்' கேமின் நாயகன் கிரேட்டோஸை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்துபோன மனைவி, மகளின் சாம்பல் ஒட்டியதால் வெளுத்த தோல் அது. அதனால் ஒரே வெள்ளையாக அடித்து விட்டிருந்தால் தப்பு. நல்ல வேலையில் தசை மடிப்புகளில் கருநிறம் தங்கியிருக்கும், மேடான இடங்களில் வெளிர்நிறம் உலர்ந்த தூரிகையால் தொட்டதுபோல் இருக்கும், இடையிடையே தோலின் சூடான நிறம் எட்டிப் பார்க்கும். இடது கண்ணைக் கடந்து உடலில் இறங்கும் சிவப்புப் பச்சைக்குத்தலின் விளிம்பைப் பாருங்கள். கூர்மையாக நிற்கிறதா, தோலில் பரவிக் கசிந்திருக்கிறதா? வலது கண்ணின் வெட்டுத் தழும்பு செதுக்கப்பட்டிருக்கிறதா, வெறும் கோடாக வரைந்திருக்கிறதா? விரல் நுனியால் மெல்லத் தடவினால் தெரிந்துவிடும்.

அப்புறம், முன்பதிவுக்காகக் காட்டும் படம் பெரும்பாலும் கையால் வண்ணம் தீட்டிய மாதிரிச் சிலையுடையது. தொழிற்சாலையில் வருவது கொஞ்சம் மாறும். ஆகவே வாங்கியவர்கள் எடுத்த படங்களையும் தேடிப் பாருங்கள்.

படி 5: பாகங்கள் சேரும் இடம்

தோள், இடுப்பு, முடி எங்கெங்கே இணைகிறதோ அங்கே பின்னால் டார்ச் பிடியுங்கள். வெளிச்சம் கசிந்தால் இடைவெளி இருக்கிறது. அச்சு வார்ப்பின் கோடு காலின் பக்கவாட்டில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பெல்ட், கவசம் போன்றவற்றின் அடியில் இணைப்பை மறைத்திருந்தால் யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காந்தத்தால் ஒட்டும் ஆயுதம் என்றால் பொருத்திய பிறகு தானாகச் சுழலக் கூடாது.

படி 6: நிற்கிறதா?

சமையலறை கிரானைட் மேடையில் வையுங்கள். பீடத்தின் நான்கு பக்கமும் மெல்லிய காகிதத்தைச் செருகிப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் உள்ளே போனால் பீடம் வளைந்திருக்கிறது. உருவம் பீடத்தில் சாய்கிறதா என்பதை நேர் முன்னும் பின்னும் நின்று பாருங்கள்.

படி 7: சென்னை வெயில்

கத்திரி வெயிலில் டெலிவரி வண்டிக்குள் கிடந்து வரும் பிவிசி சிலையின் வாள் வளைந்திருக்கலாம். அது தயாரிப்புக் குறையாக இல்லாமலும் இருக்கலாம். வளைந்த பாகத்தை வெந்நீரில் சிறிது நேரம் வைத்து, நேராக்கி, குளிர்ந்த நீரில் முக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தொட்டால் பிசுபிசுக்கிறதா? பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் வெளியே கசிகிறது. வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். பாலிஸ்டோனில் வெந்நீர் வைத்தியம் வேண்டாம்.

போலியா என்று பார்ப்பது எப்படி?

பெட்டியில் கேம் நிறுவனத்தின் பதிப்புரிமைக் குறிப்பும் (©) தயாரித்தவர் பெயரும் இருக்க வேண்டும். மங்கலான அச்சு, எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கும் தோல், மூக்கைத் துளைக்கும் பிளாஸ்டிக் வாசனை மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்படுங்கள். எண்ணிக்கை வரையறுத்த பதிப்பு என்றால், பீடத்தின் அடியில் உள்ள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எதற்குத் திருப்பி அனுப்பலாம்?

கண் கோணல், உடைசல், எதிரே நின்றாலே தெரியும் வண்ணக் கசிவு, ஆடும் பீடம் இவற்றுக்குத் தயங்காமல் கேளுங்கள். கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரியும் சிறு புள்ளிக்கு வேண்டாம். கை வேலையில் அது வரும். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். பாகம் மாற்றிக் கேட்க அதுதான் ஆதாரம். உள்ளே இருக்கும் ஃபோமையும் அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். திருப்பி அனுப்பவும் வீடு மாறவும் அதுதான் தேவைப்படும்.