ஆயில் ஃபில்டர் மாற்றும்போது பழைய வளையத்தைத் தேடுங்கள்

காரில் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலைகளில் ஆயில் ஃபில்டர் மாற்றுவது எளிதானது. ஆனால் அதில் நடக்கும் ஒரு சின்னத் தவறு எஞ்சினையே காவு வாங்கிவிடும் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஃபில்டரின் வாயைச் சுற்றிக் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் இருக்கும். மாதக்கணக்கில் எஞ்சின் சூட்டில் கிடந்து அது மேலே உள்ள உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஃபில்டரைக் கழற்றும்போது டப்பா மட்டும் கையோடு வரும், வளையம் அங்கேயே தங்கிவிடும். அந்த இடமும் கறுப்பு, ஆயிலும் கறுப்பு, வளையமும் கறுப்பு. கீழே படுத்து அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதன்மேல் புது ஃபில்டரைத் திருகினால் ரப்பர்மேல் ரப்பர் உட்காரும். வண்டி ஸ்டார்ட் ஆகும், தெருமுனை வரை ஒரு சொட்டுகூட ஒழுகாமல் இருக்கலாம். நம் வேலூர் கிரீன் சர்க்கிள் தாண்டி ஹைவேயில் ஏறி வேகம் எடுத்ததும் ஆயில் அழுத்தம் கூடும், வளையம் பிதுங்கும், உள்ளே இருக்கும் ஆயில் கொட்டித் தீர்ந்துவிடும். டேஷ்போர்டில் ஆயில் அழுத்தத்துக்கான சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் ‘பக்கத்தில்தானே’ என்று ஓட்டினால் எஞ்சின் சீஸ் ஆகி, அதாவது உள்ளே இறுகி, நின்றுவிடும்.

அதனால் கழற்றியதும் பழைய ஃபில்டரைத் திருப்பிப் பாருங்கள். வளையம் அதில் இல்லையென்றால் மேலேதான் இருக்கிறது. எடுத்துவிட்டு, அந்த இடத்தைத் துணியால் துடைத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்த பிறகே புதியதைப் போடுங்கள். புது வளையத்தில் கொஞ்சம் புது ஆயிலைத் தடவ மறக்காதீர்கள். உலர்ந்த ரப்பர் திருகும்போது மடங்கும், அடுத்த தடவை கழற்றவும் வராது.

அடுத்தது இறுக்கம். நன்றாக இறுக்கினால் ஒழுகாது என்று நினைத்து ஃபில்டர் ஸ்பானரைப் போட்டு முழு பலத்தையும் காட்டுகிறவர்கள் நிறைய. ஒழுகலை அடைப்பது ரப்பர், நம் தோள் வலிமை அல்ல. வளையம் போய்த் தொட்ட பிறகு கையாலேயே சுமார் முக்கால் சுற்று போதும். சரியான அளவு பெரும்பாலும் ஃபில்டரிலோ அதன் பெட்டியிலோ அச்சிட்டிருக்கும். ஸ்பானர் கழற்றுவதற்கு மட்டும். சில கார்களில் மூடிக்குள் காகித ஃபில்டர் மட்டும் மாற்றும் வகை இருக்கும். அந்த ஃபில்டரோடு வரும் ரப்பர் வளையத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஃபில்டரோடு ஆயிலையும் மாற்றுவோம். பழைய ஆயிலை வடிக்கும் போல்ட்டிலும் இதே கதைதான். பல கார்களில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சேம்பர் அலுமினியம். போல்ட்டை முதலில் கையால் சில சுற்று திருகாமல் நேராக ஸ்பானரைப் போட்டால் மரை போய்விடும். போல்ட்டின் வாஷர் சில ரூபாய்தான், ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள். இன்னொன்று: கியர் ஆயில் வடிக்கும் போல்ட்டும் பக்கத்திலேயே இருக்கும். அதைக் கழற்றிவிட்டு எஞ்சினில் கூடுதல் ஆயில் ஊற்றியவர்கள் உண்டு. கையேட்டுப் படத்தைப் பார்த்து, எது எது என்று தெரிந்த பிறகு தொடுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஜாக்கி. டயர் மாற்றக் கொடுத்த ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. இரும்பு ஸ்டாண்டு வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும். சத்துவாச்சாரி மலையடிவாரத்தில் இருப்பவர்கள் சாய்வான தெருவில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே வேண்டாம். சமதரை என்றாலும் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கல் வையுங்கள்.

வெளியூர் போய் வந்த சூட்டோடு போல்ட்டைத் திறந்தால் கை வெந்துவிடும். வேலூர் வெயிலில் எஞ்சின் ஆறவும் நேரம் எடுக்கும். விடியற்காலையில் சில நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிப்பது நல்லது.

புது ஆயிலைக் கையேட்டில் சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். சிவப்பு விளக்கு சில வினாடிகளில் அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அணைந்தால் ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டுக் குனிந்து ஒழுகல் பாருங்கள். அப்புறம் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து ஆயில் கம்பியில் அளவு பார்த்து மீதியை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் ஆயில் நுரைத்துப்போகும், கூடுதலாக ஊற்றுவதில் லாபம் ஒன்றும் இல்லை.

கடைசியாகப் பழைய ஆயில். சாக்கடையில் ஊற்றுவதுதான் இருப்பதிலேயே கெட்ட தவறு. தோல் பதனிடும் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகைக் கிணறுகள் கெட்டு, வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவர்களே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன ஊர் இது. அந்த ஆற்றில் நாமும் நம் பங்குக்கு ஆயிலைக் கலக்கலாமா? மத்திய அரசின் 2016 கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு. பழைய ஃபில்டரைக் கவிழ்த்து ஒரு நாள் வடிய விட்டு, ஆயிலைக் கேனில் மூடி, பழைய ஆயிலைச் சேர்த்து அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் இரண்டையும் கொடுத்துவிடுங்கள்.