பானெட்டுக்கு அடியில் பளபளப்பு லைனர்: ஒட்டும் முன் அறிய வேண்டியவை

கார் இன்ஜினை மூடும் பானெட்டின் அடிப்பக்கத்தில், வெள்ளி நிறத்தில் மின்னும் லைனரை (அலுமினியத் தாள் முகப்புள்ள வெப்பத் தடுப்பு விரிப்பை) ஒட்டினால் இன்ஜின் சூடு குறைந்துவிடும் என்று நம்பி வாங்குவோர் பலர். அது நடக்காது. இன்ஜினின் வெப்பநிலையைக் கட்டுக்குள் வைப்பவை தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் ஃபேனும்தான். லைனர் காப்பது பானெட் தகட்டையும் அதன் மேலுள்ள பெயின்டையும் மட்டுமே, கூடவே இன்ஜின் சத்தத்தையும் ஓரளவு அடக்கும். டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போகும் காருக்கு லைனர் ஒட்டுவது, காய்ச்சல்காரருக்குக் குடை பிடிப்பதைப் போன்றது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவு, அடைத்துப்போன ரேடியேட்டர், சுழலாத ஃபேன் ஆகியவற்றைப் பார்த்துச் சரிசெய்த பிறகே இந்த வேலையில் இறங்க வேண்டும்.

கார் பாரம் இழுக்கும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (இன்ஜின் புகையைத் திரட்டி வெளியேற்றும் குழாய்த் தொகுதி) டர்போவும் (அந்தப் புகையால் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் பாகம்) பல நூறு டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். ஒரு பொருள் வீசும் வெப்பக் கதிர், கெல்வின் அளவிலான அதன் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கேற்பக் கூடுவதால், அந்தப் பாகங்களுக்கு நேர் மேலே உள்ள இடத்தில் பானெட் தனியாகச் சுடுகிறது. சுத்தமான அலுமினியத் தாள் அந்தக் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பெயின்ட் பூசிய தகடோ பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்ளும். ஆனால் தாளுக்கும் சூடான பாகத்துக்கும் நடுவில் காற்று இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு செல்லும். இரண்டும் தொட்டுக்கொண்டால் அலுமினியமே வெப்பத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். மேலெழும் சூடான காற்றின் வெப்பத்தைத் தடுப்பதும் தாள் அல்ல, அதன் பின்னால் இருக்கும் கண்ணாடி இழை அல்லது நுரை அடுக்குதான்.

திருப்பி அனுப்பப்பட்ட வெப்பம் காணாமல் போய்விடுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஓடும்போது காற்றோட்டம் அதை வெளியே கொண்டுபோய்விடும். இன்ஜினை நிறுத்தியதும் கூலன்ட் ஓட்டமும் நின்றுபோவதால், அடுத்த சில நிமிடங்களுக்கு உள்ளே சூடு ஏறத்தான் செய்யும். அப்போது தகட்டின் வழியாக வெளியேறும் வெப்பத்தை லைனர் கொஞ்சம் தடுக்கவும் செய்கிறது. பேட்டரியையும் ஒயரிங்கையும் காப்பதுதான் நோக்கம் என்றால், மேனிஃபோல்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தகட்டுக் கவசம் வைப்பதும், ஒயர்களுக்கு வெப்பம் தாங்கும் உறை போடுவதும் மேல் என்பது என் கருத்து.

வாங்கும்போது, கார் இன்ஜின் அறைக்கென்றே செய்யப்பட்டதா, தீப்பற்றாத தரமுடையதா, எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பவற்றைப் பார்க்க வேண்டும். கூரைக்குப் போடும் குமிழித் தாளை வெட்டி ஒட்டுவோரும் உண்டு. அது பாலிஎத்திலீன், ஏறக்குறைய 110 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். சத்தம் குறைக்கும் பியூட்டைல் (ஒருவகை ரப்பர்) ஷீட்டுகளில் மலிவானவை சூட்டில் இளகித் தொங்கும்.

அடுத்தது இடைவெளி. இன்ஜினின் உயரமான பாகங்கள் மீது, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் போட்ட களிமண் உருண்டைகளை வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறந்தால், நசுங்கிய உருண்டையின் கனமே அங்குள்ள இடைவெளி. இன்ஜின் தன்னைத் தாங்கும் மவுண்டுகளின் மேல் ஆடும் என்பதால், லைனரின் கனம் போக 15 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும். நான் ஒருமுறை இந்தச் சோதனையைச் சோம்பலால் விட்டுவிட்டேன். சில வாரங்களில் இன்ஜின் கவரின் விளிம்பு தாளைத் தேய்த்து, உள்ளிருந்த இழையை வெளியே இழுத்துவிட்டது.

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, பானெட்டின் அடிப்பக்கத்தில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை டிகிரீசரால் நீக்கி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். ஒட்டாமல் போகும் லைனர்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில் கை சுருக்கியதால்தான் உரிந்து விழுகின்றன. பழுப்புக் காகிதத்தில் அச்செடுத்து, பூட்டு, கீல்கள், வாஷர் குழாய், தண்ணீர் வடியும் துளைகள் ஆகியவற்றை விட்டுவிட்டு வெட்ட வேண்டும். பின்புறக் காகிதத்தை ஒரேயடியாக உரிக்காமல், நடுவில் தொடங்கிச் சிறிது சிறிதாக உரித்து, ரோலரால் அழுத்திக்கொண்டே ஓரத்துக்குப் போனால் காற்றுக் குமிழி தங்காது. வெட்டிய விளிம்புகளை அலுமினிய டேப்பால் மூடிவிட்டு, பசை பிடிக்க ஒரு நாள் விடலாம். பானெட்டின் பின் விளிம்பில் இருக்கும் ரப்பர் பட்டையைச் சூடு வெளியேறட்டும் என்று கழற்றிவிடக் கூடாது. இன்ஜின் அறையின் புகையும் வாடையும் கேபினுக்குள் போகாமல் தடுப்பது அதுதான்.

பேட்டரிக்கு மேல்பகுதியில் இன்னும் ஒரு எச்சரிக்கை தேவை. அலுமினியத் தாள் மின்சாரத்தைக் கடத்தும். உரிந்து தொங்கும் ஒரு முனை பாசிட்டிவ் டெர்மினலையும் பானெட்டையும் ஒருசேரத் தொட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். டெர்மினல் மூடி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பானெட்டை மூட வேண்டும்.

முதல் மாதம் வாரத்துக்கொரு முறையும், பிறகு ஆயில் பார்க்கும்போதெல்லாமும் லைனரைக் கவனித்தால் போதும். தூசி படிந்த தாளின் பிரதிபலிப்பு குறையும், ஈரத்துணியால் துடைத்தாலே அது திரும்பும். எண்ணெயோ பெட்ரோலோ ஊறிய லைனர் பகுதியை மட்டும் துடைத்து வைத்துக்கொள்ளக் கூடாது. அது விளக்குத் திரி போல எரியக்கூடியது என்பதால், கசிவை அடைத்துவிட்டு அந்தப் பகுதியை அன்றே உரித்தெறிய வேண்டும்.