வலி கண்ணுக்கு மேல், கோளாறு கழுத்தில்

நான்கு மாதமாக வலது பக்கம் மட்டும் தலைவலி. பிடரியில் தொடங்கி, காதுக்குப் பின்னால் ஏறி, கண்ணுக்கு மேல் வந்து நிற்கும். கண்ணாடியை மாற்றினேன், சைனஸ் என்று ஆவி பிடித்தேன். பாராசிட்டமால் வாரத்துக்கு நாலு நாள் போனது. (மாதத்தில் 15 நாள் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.) சலூனில் கழுத்தை நெட்டி முறித்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் சுகம், மறுநாள் வலி இரட்டிப்பு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேகமாகத் திருகினால் அரிதாகக் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதமே வரக்கூடும்.

கடைசியில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர்தான் கோளாறு கழுத்தில் என்று கண்டுபிடித்தார். தாடை நெஞ்சைத் தொடக் குனிய வைத்து, தலையை மெல்லத் திருப்பினார். இடப்பக்கம் தாராளமாகப் போனது. வலப்பக்கம் பாதியிலேயே நின்றுவிட்டது. மண்டையோட்டு விளிம்புக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார், அதே கண் வலி! மேல்கழுத்தின் மூன்று நரம்புகளும் முகத்தின் உணர்ச்சி நரம்பும் ஒரே இடத்தில் சேர்வதால் மூளைக்கு இடம் குழம்பி, கழுத்து வலி கண் வலியாகத் தெரிகிறதாம்.

ஆறு முறை கையால் மெதுவாக அசைத்துத் தளர்த்தினார். வீட்டில், தலையைக் குனியாமல் தாடையை மட்டும் பின்னால் இழுத்து ஐந்து நொடி நிறுத்துவது. பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. அப்புறம், மேசையில் இடப்பக்கம் இருந்த மானிட்டரை நேர் எதிரே நகர்த்தினேன். இரண்டு வருஷமாக இடப்பக்கமே திரும்பியிருந்திருக்கிறேன்.

மூன்றாவது வாரம் மாத்திரை அட்டையைப் பிரிக்கவே இல்லை. பெரிய நிம்மதி.