கார் பெயிண்ட்ல ஸ்வர்ல் மார்க் எடுக்கிறது எப்படி: பெங்களூர் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்லயே செய்யலாம்

ராத்திரி பார்க்கிங்ல போய் மொபைல் டார்ச்சை பானெட் மேல அடிச்சுப் பாருங்க. லைட்டைச் சுத்தி மெல்லிசா வட்ட வட்டமா கோடு தெரிஞ்சா அதுதான் ஸ்வர்ல் மார்க். கீறல் நெஜமா வட்டமா இருக்காது, குறுக்கும் நெடுக்குமாத்தான் ஓடும், அதுல லைட்டை நம்ம கண்ணுக்குத் திருப்புற கோடு மட்டும் பளிச்சுனு தெரியறதால வட்டம் மாதிரி தோணுது, டார்ச்சை நகத்தினா வட்டமும் கூடவே நகரும்.

எங்க கார் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, அடர் நீலம். அவுட்டர் ரிங் ரோடு மெட்ரோ வேலை தூசிலயே நின்னு, காய்ஞ்ச துணியால தினம் துடைபட்டு, வெயில்ல பாத்தா நீலமே தெரியாம சாம்பல் பூத்துக் கிடந்துச்சு. இப்போ பானெட்ல மரக்கிளை தெளிவா தெரியுது. அதை எப்படி பண்ணினேன்னு எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. பாலிஷ் பண்றதுன்னா கீறலை நிரப்புறது இல்ல, சுத்தியிருக்கிற கிளியர் கோட்டை, அதாவது கலருக்கு மேல அடிக்கிற நிறமில்லாத பூச்சை, சீவி கீறலோட அடிமட்டத்துக்குக் கொண்டு வர்றது. கம்பெனி பெயிண்ட்ல கிளியர் கோட் பொதுவா 40-50 மைக்ரான்தான், ஒரு ஏ4 பேப்பர் சுமார் 100 மைக்ரான், அதுல பாதி. சீவினது திரும்ப வராது. அதனால எவ்ளோ கம்மியா எடுத்து வேலையை முடிக்கலாம்னுதான் யோசிக்கணும். நகத்தால குறுக்கே தடவும்போது நகம் மாட்டுற கீறலை முழுசா எடுக்கப் பாக்காதீங்க, அதை விட்ருங்க.

கழுவுறது

ரெண்டு பக்கெட், ஒண்ணு ஷாம்பூ, ஒண்ணு மிட்டை (கையில மாட்டித் தேய்க்கிற துணி உறை) அலச. மேல இருந்து கீழ. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், தண்ணி விஷயம்தான் பெங்களூர்ல பிரச்சனை. 2024 மார்ச் தட்டுப்பாட்டுல வாட்டர் போர்டு குடிதண்ணில கார் கழுவினா 5000 ரூபா அபராதம்னு சொன்னாங்க. போர்வெல் அல்லது டேங்கர் தண்ணின்னா உப்பு ஜாஸ்தி, பெயிண்ட் மேலயே காய்ஞ்சா வெள்ளையா புள்ளி விழும். ஒவ்வொரு பேனலா கழுவி, அலசி, உடனே தடியான மைக்ரோஃபைபர் டவலால ஒத்தி எடுத்துடுங்க. பழைய உப்புப் புள்ளி இருந்தா வெள்ளை வினிகர்ல சரிபாதி தண்ணி கலந்து துணியில நனைச்சு ஒரு நிமிஷம் வெச்சு, நல்லா அலசிடுங்க. அதுக்கும் போகலைன்னா பெயிண்ட்டை அரிச்சிருச்சுன்னு அர்த்தம், பாலிஷ்லதான் பாக்கணும்.

அயர்ன் ரிமூவர், கிளே பார்

கழுவின கார்ல, கையில மெல்லிசான பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கிட்டு பானெட்டைத் தடவுங்க. வெறும் கைக்குத் தெரியாத நரநரப்பு இப்போ தெரியும். அதுல பிரேக் டஸ்ட் இரும்புத் துகள் பெயிண்ட்ல குத்தி நிக்கும். அயர்ன் ரிமூவர் ஸ்ப்ரே பண்ணினா அந்த இடமெல்லாம் ஊதாக் கலர்ல வடியும். வாடை மோசமா இருக்கும், காய விடாம சில நிமிஷத்துல அலசிடுங்க.

மிச்சத்துக்கு கிளே பார், களிமண் மாதிரி மெத்துனு இருக்கிற கட்டி. ஷாம்பூ தண்ணிய தாராளமா அடிச்சு, அழுத்தாம, நேர்கோட்டுல தேய்ங்க, சர சரன்னு வர்ற சத்தம் நின்னு வழுக்கினா அந்த இடம் முடிஞ்சுது. கிளே கீழ விழுந்தா தூக்கிப் போட்ருங்க, காசு போனாப் போகுது, மண்ணு ஒட்டின கிளே பண்ற கீறலை எடுக்க மறுபடி கிளியர் கோட்டைத்தான் சீவணும்.

மெஷின்

பழகாதவங்க டிஏ (டூயல் ஆக்‌ஷன், பேட் சுத்திக்கிட்டே ஆடவும் செய்யும்) பாலிஷர் மட்டும்தான் வாங்கணும், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. ரோட்டரி ஒரே இடத்துல சுத்தி சூடேத்தும், எட்ஜ்ல ஒரு செகண்ட் அசந்தா பெயிண்ட் போயிடும். டிரில்லிங் மெஷின்ல மாட்டுற பேட் வேண்டவே வேண்டாம். 5 இன்ச் பிளேட் (பேட் ஒட்டுற தட்டு), 15 எம்எம் த்ரோ (பேட் ஆடுற வட்டத்தோட அகலம்) இருக்கிற டிஏ போதும். ஜேசி ரோட்டுல பேட், டேப் எல்லாம் கையில தொட்டுப் பாத்து வாங்கலாம். மெஷின்ல காசு மிச்சம் பிடிச்சாலும் பேடை அஞ்சாறு வாங்குங்க, காம்பவுண்ட் (பாலிஷை விட ஜாஸ்தியா சீவுற பேஸ்ட்) ஊறி சூடான பேட் ஒண்ணும் வெட்டாது. கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், பாடி லைன் எட்ஜ் எல்லாத்துக்கும் ஆட்டோமோட்டிவ் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. எட்ஜ்ல பெயிண்ட் எப்பவும் மெல்லிசாத்தான் இருக்கும்.

டெஸ்ட் ஸ்பாட் (இங்கதான் நிதானம் வேணும்)

என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வெச்ச இடம் இதுதான், அதனால விரிவாவே சொல்றேன்.

பானெட்ல ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி கட்டம், டேப் ஒட்டிப் பிரிச்சுக்கோங்க. கையில இருக்கிறதுலயே சாதுவான ஜோடியில ஆரம்பிங்க: நடுத்தர ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ். எனக்கு மெகுயர்ஸ் 205 பிடிக்கும், மென்சர்னா 3800-ம் நல்லா இருக்கும். பேட்ல பட்டாணி அளவுக்கு நாலு சொட்டு. மெஷினை ஆஃப்ல வெச்சு கட்டம் முழுக்க ஒத்தி, அப்புறம் ஸ்பீடு 1-ல பரப்பி, 4 அல்லது 5-க்கு ஏத்துங்க. கை நகர்றது செகண்டுக்கு ஒரு இன்ச், அவ்ளோ மெதுவா. ஒவ்வொரு வரியும் முந்தின வரியில பாதியை மூடணும். இடம் வலமா ஒரு தடவை, மேல கீழ ஒரு தடவை, திரும்ப அதே மாதிரி.

அழுத்தம் எவ்ளோன்னு எல்லாருக்கும் குழப்பம். பேக்கிங் பிளேட் ஓரத்துல மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க. ஓடும்போது அந்தக் கோடு சுத்துறது தெரியணும். வெறுமனே நடுங்கிட்டு நின்னா அழுத்தம் ஜாஸ்தி, இல்ல பேட் சாஞ்சிருக்கு.

இப்போ துடைச்சுப் பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும். நம்பாதீங்க! பாலிஷ்ல இருக்கிற எண்ணெய் கீறலுக்குள்ள உக்காந்து மறைக்கும், ரெண்டு வாஷ்ல எல்லாம் திரும்பி வந்துடும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் எஸ்பி ரோட்டுல எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கும், ஒரு பங்குக்கு மூணு பங்கு டிஸ்டில்ட் வாட்டர், அதான் பெட்ரோல் பங்க்ல பேட்டரிக்கு ஊத்துற தண்ணி. ஸ்ப்ரே பண்ணி சுத்தமான துணியால துடைங்க. பக்கத்துல நெருப்பு, சிகரெட் கூடாது. அப்புறம் பேஸ்மெண்ட் டியூப் லைட்டை அணைச்சிட்டு டார்ச் மட்டும் அடிங்க, ஏன்னா டியூப் லைட் வெளிச்சம் பரவலா விழுறதுல கீறல் மறைஞ்சிடும், ஒரே புள்ளியில இருந்து வர்ற லைட்தான் காட்டிக் கொடுக்கும்.

முக்கால்வாசி போயிருந்தா அதே ஜோடி போதும், மொத்தக் காருக்கும் அதையே ஓட்டுங்க. போகலைன்னா முதல்ல பேடை மட்டும் மாத்துங்க, கட்டிங் ஃபோம். அதுக்கும் அசையலைன்னாத்தான் காம்பவுண்ட். காம்பவுண்ட் போட்டா லேசா பனி படிஞ்ச மாதிரி மங்கும், திரும்ப ஃபினிஷிங் பாலிஷ் போட்டு அதை எடுக்கணும். நூறு சதவீதம் துடைச்சு எடுக்கணும்னு ஆசைப்படாதீங்க, கார் இன்னும் பல வருஷம் ஓடணும், அடுத்த பாலிஷுக்கும் கிளியர் கோட் மிச்சம் இருக்கணும்.

மொத்தக் கார்

அதே அளவு கட்டம், ஒண்ணு முடிஞ்சதும் நைலான் பிரஷ்ஷால பேடைத் தட்டி சுத்தம் பண்ணிட்டு அடுத்தது. பம்பர் பிளாஸ்டிக், சூடு சீக்கிரம் ஏறும், அங்க ஸ்பீடைக் குறைங்க. வெயில்ல நிறுத்தி செய்யவே கூடாது, பாலிஷ் காய்ஞ்சு தூளா பறக்கும். ஒரே நாள்ல முடிக்கணும்னு இல்ல, இந்த வாரம் பானெட்டும் ரூஃபும், அடுத்த வாரம் டோரும் டிக்கியும்.

சீலண்ட்

முடிஞ்சதும் மறுபடி ஐசோப்ரோபைல் துடைச்சு ஸ்ப்ரே சீலண்ட் (பெயிண்ட் மேல நிக்கிற பாதுகாப்புப் பூச்சு) போடுங்க, சில மாசம் நிக்கும், திரும்பப் போடுறதும் சுலபம். செராமிக் கோட்டிங் போட்டா கீறலே விழாதுன்னு சொல்லி விக்கிறாங்க. அழுக்குத் துணியால தேய்ச்சா அதுலயும் ஸ்வர்ல் விழும்.

தினமும் துடைக்கிற அண்ணாவையும் குறை சொல்ல முடியாது, ஒரே பக்கெட் தண்ணில அத்தனை காரையும் முடிக்கணும் அவரு. எங்க அபார்ட்மெண்ட்ல வர்றவர் கிருஷ்ணகிரிக்காரர், "அண்ணா, பாடியைத் தொட வேணாம், டயரும் கண்ணாடியும் மட்டும் போதும், காசு அதே காசுதான்"னு சொன்னேன், சந்தோஷமா ஒத்துக்கிட்டார்.

பின்னாடி சேர்த்தது: படிச்சவங்க கேட்ட ரெண்டு விஷயம். மேட் ஃபினிஷ் பெயிண்ட்டுக்கு இது எதுவுமே ஆகாது, தேய்ச்சா பளபளப்பா திட்டு விழும், சரி பண்ண முடியாது. ரெண்டாவது, இடிச்சு ரீபெயிண்ட் பண்ணின பேனல். அதோட கிளியர் கோட் கம்பெனி பெயிண்ட்டை விட மிருதுவாவும் இருக்கலாம், மெல்லிசாவும் இருக்கலாம், அதனால அதுக்குத் தனியா டெஸ்ட் ஸ்பாட் போடுங்க, புதுசா அடிச்ச பெயிண்ட்டுன்னா எப்போ பாலிஷ் பண்ணலாம்னு அடிச்ச பெயிண்ட்டர்கிட்டயே கேட்டுட்டு மெஷினை எடுங்க. வெள்ளைத் துணியில தேய்க்கும்போது துணியில காரோட கலர் ஏறினா அங்க கிளியர் கோட் இல்லைன்னு அர்த்தம் (கிளியர் கோட் இல்லாம கலரை மட்டும் அடிக்கிற பழைய சிங்கிள் ஸ்டேஜ் பெயிண்ட்டா இருந்தாலும் ஏறும்), எதுவா இருந்தாலும் அந்த இடத்துல உடனே நிறுத்திடுங்க.